கிற்றாரின் பக்கப் பலகையை வளைக்க: சூட்டுக் குழாயா, போர்வைப் பெட்டியா, ஒட்டுப்பலகையா?

எத்தனை கிற்றார் செய்யப் போகிறீர்கள்? பக்கப் பலகையை எதில் வளைப்பது என்று கேட்டு வருகிறவரிடம் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான். வீட்டுக்கு ஒன்று, கோயில் பாடகர் குழுவுக்கு இன்னொன்று என்பவருக்கு ஒரு வழி. ஒரே அளவில் தொடர்ந்து செய்து விற்கப் போகிறேன் என்பவருக்கு வேறொரு வழி. இதைத் தீர்மானிக்காமல் இணையத்தில் பார்த்த இயந்திரத்துக்குக் காசு கட்டிவிட்டு வருகிறவர்கள்தான் கூட.

மட்டக்களப்புக்குக் கிற்றார் புதிய பொருள் இல்லை. பறங்கியர் கலியாண வீட்டில் கஃப்ரிஞ்ஞா ஆட்டத்துக்கு வயலினோடு கிற்றாரும் சேர்ந்துதான் ஒலிக்கும். அந்தச் சமூகத்தில் தச்சு வேலையும் இரும்பு வேலையும் தலைமுறையாக வந்த தொழில்கள். ஆனாலும் மெல்லிய பலகையைச் சூடுகாட்டி வளைத்து வாத்தியம் செய்வது நம் பக்கத்து ஓடாவிமாருக்குப் பழக்கமான வேலை கிடையாது. கூத்து மத்தளமோ வீணையோ மிருதங்கமோ, எல்லாம் கட்டையைக் குடைந்து எடுப்பவை. இந்த வேலைக்கு அருகில் நிற்பவர்கள் பிரம்புக் கதிரை பின்னுகிறவர்கள்தான். பிரம்பைத் தீயில் காட்டி, அது இளகும் கணத்தில் வளைக்கிற கைக்கு மரமும் சீக்கிரம் பிடிபடும்.

முதலில் அளவு. டிரெட்நோட் எனப்படும் பெரிய உடற்கட்டுக் கிற்றாருக்குப் பக்கப் பலகை ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 80 செ.மீ. நீளம், 12 செ.மீ. அகலம். தடிப்பு 2 முதல் 2.3 மி.மீ. வரை. தடிப்பில் கொஞ்சம் ஏமாந்தாலும் வேலை கெட்டுவிடும், ஏனென்றால் பலகையின் விறைப்பு தடிப்பின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 2 மி.மீ. பலகையை விட 2.5 மி.மீ. பலகை வளைக்கக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கடினம். மரக்காலையில் 4 மி.மீ. அளவில் கிழித்து வாங்கி, வீட்டில் சீவிக் குறைப்பதுதான் வழக்கமான வழி. ஒரு முனை 2, மறு முனை 2.4 என்று நின்றால் எந்த இயந்திரமும் உதவாது. தடிப்பை அளக்கும் கலிப்பர் இல்லாதவர் முதலில் கலிப்பர் வாங்கட்டும்.

அடுத்தது, மரம் ஏன் வளைகிறது, ஏன் வெடிக்கிறது என்பது. மரநார்களை ஒட்டிவைத்திருக்கும் லிக்னின் என்ற பொருள் ஈரமும் சூடும் சேரும்போது இளகுகிறது, ஆறினால் திரும்ப இறுகுகிறது. ஈர மரத்தில் 100 பாகை செல்சியஸை அண்டியே நன்றாக இளகிவிடும். ஆனால் இளகிய மரமும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இணங்காது. அமுக்கினால் நீளத்தில் கால்பங்கு வரைகூடச் சுருங்கிக் கொடுக்கும். இழுத்தால் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான், அதற்கு மேல் நார் அறும். வளைவின் உட்புறம் அமுங்குகிறது, வெளிப்புறம் இழுபடுகிறது. வெடிப்பு எப்போதும் வெளிப்புறத்தில் வருவது இதனால்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 மி.மீ. பலகையை 80 மி.மீ. ஆரையுள்ள இடுப்பில், அதாவது கிற்றாரின் நடுவில் உள்வாங்கும் இடத்தில், வளைத்தால் வெளிநார் நூற்றுக்கு 1.2 அளவு நீள வேண்டும். அதுவே எல்லைக்குக் கிட்ட. கழுத்தோரம் வெட்டி உள்வாங்கிய மொடலுக்கு 30 மி.மீ. ஆரை வேண்டுமென்றால் நூற்றுக்கு 3ஐத் தாண்டும், வெறும் கையால் வளைத்தால் வெடிக்கத்தான் செய்யும். அதற்காகத்தான் வெளிப்புறத்தில் ஒரு மெல்லிய உலோகத் தகட்டை வைத்து இறுக்கிப் பிடிக்கிறார்கள். தகடு நீளாது. அதனால் மரத்தின் வெளிநாரும் அதிகம் நீளாமல் உட்புறம் கூடுதலாக அமுங்கிக்கொள்ளும். சூடுகாட்டி வளைக்கிற எந்த முறையை எடுத்தாலும் இந்தத் தகட்டு விசயம் மாறாது.

இனி முறைகள். சூட்டுக் குழாயில் தொடங்குகிறேன். பெரும்பாலானவர்களுக்கு என் பதிலும் அதுதான்.

ஒரு இரும்புக் குழாய், உள்ளே சூடு, மேலே மரம். வேறொன்றும் இல்லை. ஹார்ட்வெயார் கடையில் 2 அங்குலக் குழாய் என்று தருவதன் வெளிவிட்டம் ஏறத்தாழ 60 மி.மீ., அதாவது ஆரை 30. கிற்றார் இடுப்புக்கு அது தாராளம். ஆனால் வெள்ளைப் பூச்சுள்ள ஜீ.ஐ. குழாயை எடுக்க வேண்டாம். உள்ளே காஸ் டோர்ச்சை நேரே அடித்தால் சில இடங்களில் நாகப் பூச்சு எரிந்து புகை வரும், அந்தப் புகை காய்ச்சல் கொண்டுவரும் என்பது வெல்டிங் வேலை செய்கிற எவருக்கும் தெரியும். பூச்சில்லாத கறுப்பு இரும்பு, இல்லாவிட்டால் தடித்த அலுமினியக் குழாய் எடுங்கள். வட்டக் குழாயை வைஸில் இட்டு லேசாக நசுக்கி நீள்வட்டமாக்கினால் ஒரு பக்கம் இறுக்கமான வளைவுக்கும் மறுபக்கம் அகலமான வளைவுக்கும் ஆகும். அதைப் பெஞ்சோடு போல்ட் போட்டு அசையாமல் பூட்ட வேண்டும். மரத்தை அமுக்கும்போது குழாய் ஆடினால் கைக்குக் கிடைக்கும் சேதி குழம்பிப்போகும்.

சூட்டை அளக்க நீர்த்துளி போதும். குழாயில் ஒரு சொட்டு விட்டால் சீறிக் கொதித்து உடனே மறைய வேண்டும். சொட்டு கொதிக்காமல் முத்தாக உருண்டு ஓடினால் சூடு மிஞ்சிவிட்டது, மரம் கருகும். 150 பாகையை அண்டி நிறுத்துவது நல்லது. மரத்தை இரவு முழுக்க ஊறப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2 மி.மீ. பலகைக்கு அது தேவையில்லை. ஊறிய மகோகனி அகலவாக்கில் குழியும், மேற்பரப்பு அலை அலையாக நெளியும், காய நாளும் பிடிக்கும். ஈரத் துணியால் இரு பக்கமும் துடைத்து, வேலைக்கு நடுவே தண்ணீர் விசிறிக்கொண்டால் போதும். தண்ணீரின் வேலை சூட்டை உள்ளே கொண்டுபோவதும், கருகாமல் காப்பதும்.

வளைப்பதை இடுப்பில் தொடங்குங்கள். காகித மட்டையில் வெட்டிய உருவ அச்சுப் பக்கத்தில் இருக்கட்டும். பலகையைக் குழாயில் வைத்து, தகட்டைப் பின்னால் பிடித்து, இரண்டு கையாலும் சும்மா சாய்ந்து நில்லுங்கள். பலம் காட்ட வேண்டாம். முதல் சில விநாடிகள் ஒன்றும் நடக்காது. பிறகு திடீரென்று பலகை தானாக இறங்கும். விறைத்து நின்ற வாழையிலை அனல் பட்டதும் வாடித் தொய்வது போலத்தான், அந்தக் கணம் உள்ளங்கைக்குத் தெரியும். அந்த இடத்திலேயே நிற்காமல் மெல்ல முன்னும் பின்னும் உருட்டுங்கள். நின்றால் அங்கே ஒரு முடக்கு விழும், வெளிப்புறத்தில் தட்டையான முகம் தெரியும். குழாயின் பெரிய குறை இதுதான்: வளைவு வழுவழுப்பாக வராமல் சின்னச் சின்ன முகங்களாக வருவது. இரண்டாவது குறை, இடப் பலகையும் வலப் பலகையும் அச்சொட்டாக ஒத்துப்போகாது. மூன்றாவது, முறுக்கு. பலகையின் விளிம்பு குழாய்க்குச் செங்குத்தாக நிற்காவிட்டால் ஒரு மூலை மேலேறிவிடும். மட்டமான பெஞ்சில் நிறுத்திப் பார்த்தால் உடனே தெரியும், அதே குழாயில் திரும்பச் சூடுகாட்டி எதிர்ப்பக்கம் திருகி எடுக்கலாம்.

செய்ததை அழித்துத் திருத்தலாம் என்பதுதான் குழாயின் பெரிய பலம். மற்ற எந்த முறையிலும் இது இவ்வளவு எளிதில்லை. இன்னொன்று, காஸ் டோர்ச்சில் ஓடும் குழாய்க்கு மின்சாரம் வேண்டாம்.

அடுத்தது போர்வைப் பெட்டி. அமெரிக்கக் கிற்றார்த் தச்சர் சார்ல்ஸ் ஃபொக்ஸ் 1970களில் அமைத்த இயந்திரத்தின் வழி வந்தது. கிற்றாரின் அரை உருவத்தில் பிளைவூட் அச்சு, அதன்மேல் தகடு, மரம், மின்சாரத்தில் சூடேறும் போர்வை, இன்னொரு தகடு. மரத்தைக் கடதாசியிலும் அலுமினியத் தாளிலும் சுற்றி ஈரத்தை அடைத்துவைப்பார்கள். சூடு ஏறியதும் இடுப்பைத் திருகாணியால் இறக்கி, இரண்டு பக்கமும் சுருள்வில்லால் இழுத்துக் கட்டி, 150 பாகையை அண்டிக் கொஞ்ச நேரம் வேகவிட்டு, அப்படியே ஆறவிடுவது. நன்றாக அமைந்த பெட்டியில் வரும் பலகையைப் பார்த்தால் ஆசை வரும். முகமில்லாத வளைவு, இரண்டு பக்கமும் இரட்டைப் பிள்ளைகள்.

ஆனால் அந்த அச்சு ஒரே உருவத்துக்குத்தான். பெரிய உடற்கட்டிலிருந்து சின்னதற்கு மாறினால் புது அச்சு. போர்வையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 6 அங்குல அகலம் 36 அங்குல நீளச் சிலிக்கோன் போர்வை, சதுர அங்குலத்துக்கு 5 வோட்ஸ் என்றால், 1080 வோட்ஸ் இழுக்கும். நம் 230 வோல்ட் வீட்டு மின்னில் அது 5 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. பழைய வீட்டில் லைட் வயரிலிருந்து கிளையெடுத்த 5 ஆம்பியர் பொயின்ரில் சொருக வேண்டாம், 13 ஆம்பியர் பொயின்ரில் போடுங்கள். இதைவிட முக்கியம், வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கும்போது 115 வோல்ட் போர்வையை அனுப்பிவிடுவார்கள். அதை இங்கே கொடுத்தால் வோல்ட் இரட்டிக்கும், சூடு நான்கு மடங்காகும், போர்வையும் மரமும் சேர்ந்து போகும். சூட்டைத் தானாக அறுத்துப் போடும் கொன்ட்ரோலர் இல்லாமல் போர்வையைத் தொடவே கூடாது.

கரண்டும் ஒரு விசயம்தான். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை வெட்டிய காலம் போய்விட்டது, சரி. ஆனால் 2025 பெப்ரவரியில் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருண்டது என்று அமைச்சரே சொன்னாரே. இடுப்பை இறக்கிப் பக்கத்தை இழுக்கிற நேரத்தில் அப்படி ஒரு குரங்கு வந்தால் பாதி வளைந்த பலகையோடு நிற்க வேண்டியதுதான்.

போர்வைக்குப் பதிலாகப் பல்ப் வைத்த பெட்டியும் உண்டு. முந்திய பெட்டிகள் அப்படித்தான் இருந்தன, உள்ளே மூன்று 150 அல்லது 200 வோட்ஸ் குண்டு பல்ப். இன்று கடைக்குக் கடை எல்.ஈ.டி.தான், அதில் மரம் வளைக்கும் சூடு வராது. குண்டு பல்ப் தேடிப் பிடித்தாலும் பெட்டியின் நடுவில் ஒரு சூடு, ஓரத்தில் ஒரு சூடு. இதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

தகடு பற்றி ஒரு வார்த்தை. கால் மி.மீ. தடிப்புள்ள, துருப்பிடிக்காத, வில் போல் திரும்பி நிமிரும் தகடு வேண்டும். சாதாரணத் தகரம் மடிந்துவிடும், அந்த மடிப்பு அப்படியே மரத்தில் பதியும். போதாததற்கு வெறும் இரும்பு ஈரமான தேக்கிலும் மகோகனியிலும் பட்டால் நீலக்கறுப்பாகக் கறை பிடிக்கும். குழாய்க்கும் இது பொருந்தும். இரும்புக் குழாயை நன்றாகத் தேய்த்து மினுக்கி வைத்திருங்கள், ஈரப் பலகையை அதன்மேல் போட்டுவிட்டு வெற்றிலை போடப் போகாதீர்கள்.

மூன்றாவது முறையான ஒட்டுப்பலகைக்குச் சூடே வேண்டாம், அல்லது மிகக் குறைவாக வேண்டும். ஒரு மி.மீ. அளவில் சீவிய இரண்டு கீற்றுகளை உள் அச்சுக்கும் வெளி அச்சுக்கும் நடுவே கம் பூசி அடுக்கி, கிளாம்ப் போட்டு இறுக்கிவிடுவது. மேலே போட்ட அதே கணக்கில் 1 மி.மீ. கீற்றுக்கு 80 மி.மீ. ஆரையில் வெளிநார் நூற்றுக்கு 0.6 நீண்டால் போதும். நார் நேராக இருந்தால் பச்சையாகவே வளையும். ஒட்டி இறுகியபின் இரண்டு கீற்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் வளைவு திரும்பி விரிவது மிகவும் குறைவு. நார்வாக்கில் வெடித்து ஓடுவதும் குறையும். ஏமாற்று வேலை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அந்தப் பேச்சை விடுங்கள். மட்ரிட்டின் மூன்றாம் ஹோசே ராமிரெஸ் தன் கச்சேரிக் கிற்றார்களில் ரோஸ்வூட் பக்கத்துக்கு உள்ளே சைப்ரஸ் மரத்தை ஒட்டினார். அவுஸ்திரேலியாவின் கிரெக் ஸ்மோல்மனும் பக்கத்தையும் முதுகையும் அடுக்கடுக்காக ஒட்டி விறைப்பாக்கியவர். மேற்பலகைதான் அதிகம் அதிர வேண்டியது, பக்கம் விறைப்பாக நின்றால் அதற்கு நல்லதுதான்.

சங்கடம் கம்மில். வெள்ளைக் கம் நிரந்தர இழுவையில் மெல்ல மெல்ல வழுகும் குணமுள்ளது, வெயிலில் பூட்டிய வானுக்குள் கிடந்தால் இளகவும் செய்யும். ஆறுதலாக இறுகும் அரால்டைட் வகைதான் இதற்குச் சரி. நம் வெக்கையில் அது பெட்டியில் எழுதிய நேரத்துக்கு முன்பே இறுகத் தொடங்கும், ஆகவே காலை வெயில் ஏறுமுன் ஒட்ட வேண்டும். இரண்டு அச்சும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்த வேண்டும். எங்காவது ஒரு மி.மீ. இடைவெளி இருந்தால் அந்த இடத்தில் கம் நிரம்பிப் பலகை உள்ளே பொள்ளலாக நிற்கும், தட்டினால் வேறு சத்தம் வரும். விரைவு வேலைக்காரருக்கு ஏற்றது இல்லை.

ஆவிப்பெட்டியைப் பற்றியும் கேட்பார்கள். அம்பாறைப் பக்கம் நெல் அவிக்கிற ஆலைகள் இருக்கின்றன, ஆவிக்கா பஞ்சம் என்று. ஆவி தடித்த மரத்துக்கு உரியது. வள்ளத்துப் பலகை, கதிரை முதுகு ஆகியவற்றுக்கு அங்குலத் தடிப்புக்கு ஒரு மணிநேரம் என்று கணக்கு. 2 மி.மீ. பலகை ஆவியில் நிமிடங்களில் இளகிவிடும், ஆனால் வெளியே எடுத்துக் கிளாம்ப் பூட்டுமுன் ஆறியும்விடும். விட்டுவிடுங்கள். ஏற்கனவே வளைத்த பலகையை வெளிநாட்டிலிருந்து எடுப்பிப்பதும் அப்படித்தான். கப்பல் கூலியும் சுங்கமும் கட்டி, வழியிலேயே விரிந்துபோன வளைவை இங்கே திரும்ப வளைக்க வேண்டும். வளைக்க என்ன வேண்டும்? குழாய்.

இப்போது மரம். மகோகனி மரக்காலைகளில் தாராளம், விலையும் கையைக் கடிக்காது. ஆனால் வளைப்பதற்கு ஆகச் சுலபமான மரம் என்று நினைக்க வேண்டாம். வெளிப்புறத்தில் நார் கிளம்பும், உட்புறத்தில் சுருக்கம் விழும். நேர் நாரில் கிழித்த துண்டாகப் பார்த்து எடுக்க வேண்டும். பலகையின் ஓரத்தில் நார் சாய்ந்து வெளியேறினால் அங்கேதான் வெடிக்கும். தேக்கு எண்ணெய்ப் பிடிப்புள்ளது, ஒட்டுமுன் தின்னரால் துடைக்க வேண்டும், அதிலுள்ள மணல் தன்மை சீவுளி வாயையும் தின்னும். முதிரையின் மஞ்சள் மினுமினுப்பு யாரையும் மயக்கும், ஆனால் அந்த மினுமினுப்பே பின்னிய நாரால் வருவது, பின்னிய நார் குழாயில் வெடிக்கப் பார்க்கும். போதாததற்கு ஏற்றி இறக்க அனுமதிப் பத்திரம் வேண்டும். முதிரைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர் ஒட்டுப்பலகை முறைக்குப் போகட்டும். வெளிக் கீற்று முதிரை, உள்கீற்று மகோகனி. அழகும் கிடைக்கும், மரமும் மிச்சம்.

நம் மரக்காலை மரத்தில் ஒரு நல்லது உண்டு. காற்றில் காய்ந்த மரம் சூளையில் காய்ந்ததை விட நன்றாக வளையும். ஆனால் காலநிலையைப் பார்க்க வேண்டும். மாரியில், வாடைக்காற்று மழையோடு அடிக்கிற நாட்களில், வளைத்த பலகையை வெளியே போட்டால் ஈரம் உறிஞ்சி மெல்ல விரியும். அந்த ஈரத்தோடேயே கிற்றாரைப் பூட்டிவிட்டால், உலர்ந்த கச்சான் காற்று அடிக்கும்போது மரம் சுருங்கி முதுகுப்பலகையில் கோடு விழும். வளைப்பதை எந்த மாதத்திலும் செய்யலாம், பூட்டுவதைக் கச்சான் காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இடையில் பலகை அச்சுக்குள்ளேயே கிளாம்ப்போடு கிடக்கட்டும். பெட்டியில் வளைத்ததும் இதற்கு விலக்கில்லை, அதுவும் விரியும், கடைசித் திருத்தத்துக்குக் குழாயிடம்தான் வரும்.

ஆகவே ஒன்றிரண்டு செய்கிறவர் குழாயை எடுக்கட்டும். ஒரே மொடலை ஐந்து ஆறு என்று தொடர்ந்து செய்து விற்பவர், கரண்டும் கொன்ட்ரோலரும் ஒழுங்காக இருந்தால், குழாயை வைத்துக்கொண்டு பெட்டியையும் சேர்க்கட்டும். கடற்கரை வீடு, உப்புக்காற்று, கிற்றார் வானிலும் மேடையிலும் அலையப் போகிறது என்றால் ஒட்டுப்பலகைக்குச் செலவழிக்கிற நேரம் வீண் போகாது.

கழுத்தோரம் வெட்டிய மொடலை முதல் கிற்றாரிலேயே கேட்கிற தம்பிமாருக்கு: அந்தத் துண்டை மட்டும் 1.8 மி.மீ. வரை சீவுங்கள், தகட்டைக் கட்டாயம் பிடியுங்கள், அதே பலகையிலிருந்து மிஞ்சிய ஓரக் கீற்றுகளை முதலில் வளைத்துப் பாருங்கள். கீற்று வெடித்தால் அந்தப் பலகையைக் கழுத்தோரம் வெட்டாத மொடலுக்கு ஒதுக்கிவிட்டு, வேறு துண்டு தேடி மரக்காலைக்குப் போங்கள்.